கனஸாவாவில் ஒரு பழைய வீடு

ஜப்பானின் மேற்குக் கரையோரம், இஷிக்காவா மாநிலத்தின் தலைநகராக விளங்குவது கனஸாவா. மயேதா குலத்துப் பிரபுக்கள் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கோலோச்சிய கோட்டை நகரம் அது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்பியமையால், அதன் பழைய தெருக்கள் பல இன்றும் நிலைபெற்றிருக்கின்றன. 2015-ஆம் ஆண்டு மார்ச் மாதம் டோக்கியோவிலிருந்து ஷிங்கான்சென் விரைவு ரயில் இந்நகரை எட்டியது. காண வருவோர் பெருகினர். பழைய வீடொன்றை விலைக்கு வாங்கிக் குடியேற விழைவோரும் அவர்களிடையே உண்டு.

'மச்சியா' எனப்படும் அவ்வீடுகள் முகப்பில் ஒடுங்கி உள்ளே நீண்டு செல்பவை. தெருப்பக்கம் மரக்கிராதி; கூரைமேல் கறுத்து மின்னும் ஓடு; மூங்கில் வரிச்சின் மேல் பூசிய மண் சுவர்; இடையே வெளிச்சம் தரும் சிறு முற்றம். 1950-ஆம் ஆண்டுக்கு முன் எழுந்த மரபுவழி மர வீடுகளைப் பேணுதற்குரியவை என நகராட்சி கருதி, செப்பனிடும் செலவில் ஒரு பகுதியை உதவித் தொகையாக வழங்குகிறது.

இத்தகைய வீடுகள் மலிவாகக் கிடைப்பது கேட்போருக்கு வியப்பளிக்கும். ஜப்பானில் வரிக் கணக்குக்கு மர வீட்டின் ஆயுள் 22 ஆண்டுகளே. சந்தையும் ஏறத்தாழ அவ்வழியே நடக்கிறது. நாள்பட்ட வீட்டில் மனைக்கே விலை, கட்டடத்துக்கு மதிப்பில்லை. 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாடெங்கும் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடக்கின்றன. நூற்றுக்குப் பதினான்கு வீடுகள் எனலாம். வெளிநாட்டாரும் தம் பெயரில் மனையும் வீடும் வாங்கலாம். ஆயினும் வீட்டுப் பத்திரம் குடியிருப்பு உரிமை ஆகாது; அதற்கு விசா தனியே வேண்டும்.

வாங்குவோர் முதலில் ஆராய வேண்டியது பாதை. நான்கு மீட்டர் அகலமுள்ள சாலையை மனை இரண்டு மீட்டராவது தொட்டிருக்க வேண்டும் என்பது கட்டட விதி. பழைய சந்துகளில் இது அரிது. சட்டம் ஏற்ற பாதையைத் தொடாத மனையில், வீட்டை இடித்தால் மீண்டும் கட்ட அனுமதி கிடைப்பது கடினம். ஒப்பந்தத்துக்கு முன் உரிமம் பெற்ற தரகு அலுவலர் இவ்விவரங்களை எழுத்து மூலம் அளித்து விளக்கியாக வேண்டும். அதனைப் பொறுமையாகக் கேட்டறிதல் நலம்.

அடுத்தது வீட்டின் வயது. 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நிலநடுக்க விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முற்பட்ட வீடு எவ்வளவு அழகுடையதாயினும் அதன் உறுதியைச் சோதித்தே தீரவேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், அதே மாநிலத்தின் வடபகுதியான நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. வாஜிமா, சுஸு ஆகிய ஊர்களில் பழைய மர வீடுகள் சரிந்து, அவற்றின் அடியில் அகப்பட்டு மாண்டோர் பலர். ஆகவே இது வெறும் பணக் கணக்கு அன்று, உயிர்க் கணக்கு. பழைய தூண்கள் பல கல்லின்மேல் நிற்பவை. தரைக்கு அடியில் புகுந்து, கறையான் அரித்த உத்திரத்தையும் இற்றுப்போன தூண் அடியையும் அறிந்த தச்சர் பார்த்துச் சொல்ல வேண்டும். வலுவூட்டும் செலவு சில வேளைகளில் வீட்டு விலையையே மிஞ்சிவிடும்.

மூன்றாவது வானிலை. சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறவாதே என்பது அவ்வூரார் வழக்கு. ஈரமும் பனியும் மிகுந்த குளிர்காலத்தில் மண் சுவர் வீட்டில் குளிர் ஊடுருவும். வாசலில் விழும் பனியை வீட்டுக்காரர் தள்ள வேண்டும். தெருச் சங்கத்தின் பொதுக் காரியங்களிலும் பங்கு கொள்ள வேண்டும். பூட்டிப் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவோருக்கு இவ்வீடு பொருந்தாது. பேணாது சிதையவிட்ட வீட்டு மனைக்கு வரிச்சலுகை நீங்கவும் 2023-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது.

பிற ஊரில் வேரூன்றி வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். வாங்கும் விலை சிறிது. காக்கும் விலை பெரிது. பின்னதைத் தர மனமுள்ளவரே அத்தெருவுக்கு ஏற்ற குடித்தனக்காரர்.