தாச்சியோடு ஓடும் பெண்கள்

சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் வசிக்கும் என் அக்காவிடம் போயிருந்தேன். அவர் என்னை ஒல்னி என்ற சிறிய ஊருக்கு அழைத்துச் சென்றார். மில்டன் கீன்ஸ் நகருக்கு அருகே, ஊஸ் ஆற்றங்கரையில் உள்ள பழைய சந்தை நகரம் அது.

அங்கே கவிஞர் வில்லியம் கூப்பர் வாழ்ந்த வீடு இன்று ஒரு நூதனசாலை. அதில் அவ்வூர்ப் பெண்கள் பின்னிய ரேந்தைகளைப் பார்த்தேன். தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் பின்னுவார்களாம். எமது காலிப் பக்கத்துப் பீரலு ரேந்தையும் இதே முறைதான். அப்பெண்களின் வறுமையைப் பற்றிக் கூப்பர் 1780 இல் கடிதம் எழுதியிருக்கிறார். சீமாட்டிகளின் உடைகளை அழகுபடுத்திய கைகளுக்குப் போதிய கூலி கிடைக்கவில்லை. பின்னர் இயந்திர ரேந்தை வந்து அத்தொழிலையே நலியச் செய்தது.

ஒல்னிக்குப் பெயர் தேடித் தந்ததும் பெண்கள்தான். 1445 இல் தேவாலய மணியோசை கேட்ட ஒரு பெண், பான்கேக் சுட்ட தாச்சியும் கையுமாகவே ஓடினாள் என்பது ஊர்க்கதை. அதன் நினைவாக, தவக்காலம் தொடங்குவதற்கு முதல்நாள் செவ்வாய்க்கிழமை, ஏப்ரனும் தலைத்துண்டும் அணிந்த பெண்கள் சந்தையிலிருந்து தேவாலயம் வரை 415 யார் தூரம் தாச்சியோடு ஓடுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த ஓட்டம் நின்றுபோனது. 1948 இல் பழைய படங்களைக் கண்டெடுத்த ஊர்க் குருவானவர் பெண்களை மீண்டும் ஓட அழைத்தார். முட்டை, சீனி, கொழுப்பு எல்லாம் அப்போதும் கூப்பனுக்குத்தான். ஆனாலும் பெண்கள் ஓடினார்கள்.

இதைக் கேட்டபோது, எங்கள் பெண்கள் குழுவிலுள்ள ஓர் அம்மாவின் நினைவு வந்தது. விளையாட்டு விழாவில் சேரக் கேட்டபோது, "மகனைப் பறிகொடுத்தவள் நான். சிரிச்சு விளையாடினால் சனம் என்ன சொல்லும் மகள்?" என்றார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பட்டப்படிப்பில் சமூகவியல் படித்தும் பயனில்லை.

ஊர் திரும்பியதும் ஒல்னியின் கதையை அவருக்குச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "சண்டையில பிள்ளையைக் குடுத்த தாய்மாரும் ஓடியிருப்பினமோ?" என்றார்.

"ஓடியிருப்பினம் அம்மா."

அடுத்த விழாவில் அவர் சங்கீதக் கதிரையில் சேர்ந்தார். இரண்டாவது சுற்றிலேயே கதிரையை இழந்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டார்.

தோழியரே, சிரிப்பதால் நாம் எவரையும் மறந்துவிடுவதில்லை.