நிழல் அளந்த வாரம்

கல்வி ஏட்டில் தொடங்கலாம். ஆனால் ஏட்டோடு முடிவதில்லை. ஏட்டில் கற்றதை உலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அது அறிவாக நிலைபெறுகிறது. இவ்வுண்மையைச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் ஏழாம் வகுப்பு மாணவர் ஒரு வாரத்தில் உணர்ந்தனர். அதனை அவர்களுக்கு உணர்த்தியது ஓர் இரும்புக் கம்பியின் நிழல்.

மதுரைக்கு வடகிழக்கே, யானைமலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் அமைந்திருந்தது அப்பள்ளி. ஆகஸ்டுத் திங்களின் இறுதி வாரம், திங்கட்கிழமை காலை. "நிழல் இல்லாத நேரம் எது?" என்று ஆசிரியர் வினவினார். "உச்சிப் பொழுது!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடையளித்தது. "உச்சிப் பொழுது என்பது எப்போது?" "பகல் 12 மணி, ஐயா." ஆசிரியரும் அதனை ஏற்று, 'பகல் 12 மணிக்கு நிழல் இராது' என்று கரும்பலகையில் எழுதினார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "நாள்தோறும் அப்படித்தானா, ஐயா?" என்று கேட்டாள். சிலர் நகைத்தனர். ஆசிரியர் நகைக்கவில்லை. சிறிது நேரம் சிந்தித்தார். "நானும் அளந்து பார்த்ததில்லை, அம்மா. இன்றே பார்த்துவிடுவோம்" என்றார்.

பள்ளி முற்றத்தில் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று நிலத்திற்கு மேல் 2 மீட்டர் உயரம் இருக்குமாறு நடப்பட்டது. கொத்தனார் ஒருவரின் மகன் தன் வீட்டிலிருந்து தூக்குக்குண்டு கொண்டுவந்தான். அதனைக் கொண்டு கம்பி நேராக நிற்கிறதா என்று சரிபார்த்தனர். மணி 12 அடித்தது. நிழல் மறையவில்லை, மேற்குப் பக்கமாக ஏறக்குறைய 18 செ.மீ. நீண்டு கிடந்தது! மாணவர் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அளந்துகொண்டே இருந்தனர். 12 மணி 20 நிமிடம் அளவில் நிழல் மிகவும் குறுகிற்று. அப்போதும் அது 5 செ.மீ. இருந்தது, அதுவும் தெற்கு நோக்கி விழுந்தது. பின்னர் மீண்டும் நீளத் தொடங்கியது.

வகுப்பிற்குத் திரும்பிய ஆசிரியர், தாம் காலையில் எழுதிய வாக்கியத்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். "நான் எழுதியது தவறு" என்றார். வகுப்பில் எவரும் பேசவில்லை. ஆசிரியரும் தவறலாம் என்பதைவிட, தவறிய ஆசிரியர் அதனைத் தம் வாயாலேயே கூறலாம் என்பது அவர்களுக்குப் புதுமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நிலப்படம் விரிக்கப்பட்டது. இந்தியா முழுவதற்கும் பொதுவான நேரம் கிழக்கு நெடுங்கோடு 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டது. மதுரையோ 78 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். ஆகவே மதுரையில் கதிரவன் உச்சிக்கு வருவதற்குப் பதினேழு, பதினெட்டு நிமிடம் தாழ்கிறது. ஆண்டின் பருவத்திற்கேற்பச் சில நிமிடம் கூடியும் குறைந்தும் வரும். இதனை மாணவர் தாமே பெருக்கிக் கண்டனர். அன்று நிழலின் அளவு 3.7 செ.மீ. நிழலின் விளிம்பு மங்கலாக இருந்தமையால், மூவர் தனித்தனியே அளந்து சராசரி எடுத்தனர்.

புதன்கிழமை வானம் மூடிக்கொண்டது. 12 மணி 20 நிமிடத்தில் முற்றம் முழுவதும் மங்கிய வெளிச்சமே பரவியிருந்தது. கம்பிக்கு நிழலே இல்லை. மாணவர் ஏமாற்றத்தோடு திரும்பினர்.

வியாழக்கிழமை வெயில் வந்தது, நிழல் 1.3 செ.மீ. அளவே இருந்தது. அளவுகளைக் குறித்து வைத்தவன் கணக்கில் வல்லவனான மாணவன் ஒருவன். அவனுடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்த ஆசிரியரின் கண் ஓரிடத்தில் நின்றது. புதன்கிழமைக்கு நேராக 2.5 செ.மீ. என்று எழுதியிருந்தது.

"தம்பி, நேற்று நிழல் விழுந்ததா?" என்று ஆசிரியர் அமைதியாகக் கேட்டார்.

"இல்லை, ஐயா. நாளுக்கு ஏறக்குறைய 1.2 செ.மீ. குறைகிறது. அதனால் கணக்கிட்டு எழுதினேன். இன்றைய அளவும் அதற்குப் பொருந்துகிறதே, ஐயா!"

"உன் கணக்கு நன்று. நேற்று வெயில் இருந்திருந்தால் நாம் கண்டிருக்கக்கூடிய அளவும் அதுவாகவே இருக்கலாம். ஆனால் இந்தப் பத்தியின் தலைப்பைப் படி."

மாணவன் தலைகுனிந்து, "கண்ட அளவு" என்று படித்தான். அதற்குமேல் ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. மாணவன் அந்த எண்ணை அடித்துவிட்டு, 'மேகம். அளக்கவில்லை' என்று எழுதினான். பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி வரைந்து, 'கணக்கிட்ட அளவு' என்று தலைப்பிட்டு, 2.5 என்னும் எண்ணை அங்கே எழுதினான்.

அன்று மாலை ஆசிரியர் எரட்டோஸ்தெனீஸ் என்னும் கிரேக்க அறிஞரைப் பற்றிக் கூறினார். ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில் வாழ்ந்தவர் அவர். சையீன் என்னும் ஊரில் கோடையின் நெடும்பகல் நாளன்று உச்சிவேளையில் கதிரவன் நேர் மேலே நிற்கும் என்று அறிந்தார். அதே நாளில் வடக்கே அலெக்சாந்திரியா நகரில் விழுந்த நிழலைக் கொண்டு, கதிரவன் உச்சியிலிருந்து வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு விலகியிருப்பதைக் கண்டார். இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள தொலைவை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். கண்டது எது, கணக்கிட்டது எது என்று பிரித்தறிந்தவர்க்கு ஒரு நிழலே உலகளக்கும் கோலாயிற்று.

வெள்ளிக்கிழமை பள்ளி முழுவதும் முற்றத்தில் கூடிற்று. 12 மணி 20 நிமிடம் நெருங்கியது. நிழல் சுருங்கிச் சுருங்கிக் கம்பியின் அடியில் ஒடுங்கியது; பின்பு அதுவும் தெரியவில்லை. சிறுவர் ஆரவாரம் செய்தனர். முதல் நாள் வினா எழுப்பிய மாணவிக்கும் விடை கிடைத்துவிட்டது. உச்சியில் நிழல் மறைவது நாள்தோறும் நிகழ்வதன்று. மதுரையில் ஏப்ரல் நடுவில் ஒருமுறையும், ஆகஸ்டு இறுதியில் ஒருமுறையுமாக ஆண்டுக்கு இரண்டு முறையே நிகழும். 23½ பாகைக்கு வடக்கேயுள்ள தில்லியில் அது ஒருநாளும் நிகழாது. கதிரவன் தெற்கே செல்லச் செல்ல, மறுவாரம் முதல் உச்சிவேளை நிழல் வடக்கு நோக்கித் திரும்பும் என்பதையும் அவர்கள் அறிந்தனர்.

குறிப்பேட்டில் ஐந்து நாள்களுக்கும் ஐந்து கட்டங்கள் இருந்தன. நான்கில் எண்கள் நின்றன. ஒன்றில் எண் இல்லை. நான்கு கட்டங்கள் கதிரவனின் இயக்கத்தைக் கற்பித்தன. எண் இல்லாத அந்த ஒரு கட்டம் உண்மையைக் கற்பித்தது. காணாததைக் கண்டதாக எழுதாத கையே கற்றவரின் கை.