மேளக்காரரை அனுப்பியவன்

எங்கள் போர்ட் கிள்ளான் கோயிலில் நாயனத்தை நிறுத்திவிட்டு மின்மேளம் வாங்கலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று தடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான். வாங்கலாம் என்றேன். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த நாயனக்காரரின் பெர்மிட்டைப் புதுப்பிக்க ஆகும் செலவை எடுத்துப் போட்டதும் நான்தான். கணக்கில் பிழை இல்லை. உள்ளே இருந்த காரணம் வேறு: அந்தச் சத்தம் எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கு ஜாஸ் போட்டுக் காட்டும் நேரம் பார்த்து, சாயரட்சை நாயனம் சன்னல் வழியே வந்து மானத்தை வாங்கும்.

இதில் கேவலம் என்னவென்றால், நான் உருகி உருகிக் கேட்டது சார்லி மரியானோவை.

1923இல் பாஸ்டனில், இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் மகனாகப் பிறந்தவர். ஆல்டோ சாக்ஸபோன். ஆரம்பத்தில் அவர் வாசிப்பின் மேல் சார்லி பார்க்கரின் நிழல் கனமாக விழுந்திருக்கும். 1953இல் ஸ்டான் கென்டனின் பெரிய குழு, பிறகு கலிபோர்னியாவில் ஷெல்லி மேனின் சிறிய குழு. 1960இல் மனைவி தோஷிகோ அகியோஷியோடு செய்த நால்வர் குழுத் தட்டில்தான் நிழலைவிட்டு வெளியே வருகிறார் என்பது என் கட்சி. 1963 ஜனவரியில் சார்லஸ் மிங்கஸின் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'. அதில் ஆல்டோ கெஞ்சும், கதறும்.

ஐம்பதுகளில் ஆர்ட் பிளேக்கி, ஹோரஸ் சில்வர் போன்றவர்கள் கறுப்பர் தேவாலயப் பாட்டையும் புளூஸையும் பீபாப்புக்குள் இழுத்து வந்தார்கள். அதுதான் ஹார்ட் பாப். கும்பிடும் இடத்துச் சத்தத்துக்குக் கூச்சப்படாத இசை என்று நண்பர்களுக்கு விளக்குவேன். விளக்கிக்கொண்டே சன்னலைச் சாத்துவேன்.

அறுபதுகளின் பிற்பாதியில் மரியானோ கோலாலம்பூருக்கு வந்து ரேடியோ மலேசியா இசைக்குழுவோடு வேலை செய்தார். அந்த நாட்களில்தான் நாகஸ்வரம் அவரைப் பிடித்துக்கொண்டது. மிங்கஸோடு வாசித்தவர், மாணவனாக உட்கார்ந்து அதைப் பழகினார். பின்னால் தென்னிந்தியாவுக்கும் போய்க் கற்றார். 1975இல் பதிவான எபர்ஹார்ட் வேபரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டில் அவர் நாகஸ்வரம் வாசிக்கிறார். என்ன துணிச்சல் என்று எத்தனை பேரிடம் மெச்சியிருப்பேன்! நாயனமாக மட்டும் எடைபோட்டால், எங்கள் கோயில்காரரின் தோடிக்குப் பக்கத்தில்கூட அது நிற்காது. இது அன்றைக்கே எனக்குத் தெரியும். காது கேட்டது, வாய்தான் திறக்கவில்லை. வெள்ளைக்காரர் ஊதினால் கலை, நம் ஆள் ஊதினால் இரைச்சல் என்று பழகிவிட்டேன்.

கடைசிச் சம்பளம் வாங்க வந்த நாயனக்காரர், கையெழுத்துப் போட்டுவிட்டுச் சற்றுத் தயங்கினார்.

"ஐயா வீட்ல சாக்ஸபோன் கேப்பீங்கன்னு சொன்னாங்க. கத்ரி கோபால்நாத்துங்களா?"

"இல்ல. அது வேற. உங்களுக்குப் புரியாது" என்றேன்.