ஏடின்றி ஆடும் ஆட்டம்

பிறர் வன்மையை அளக்கப் புகுவோர் முன்னர்த் தம் அளவுகோலை அளந்தறிதல் வேண்டும். இதனை எமக்கு உணர்த்தியது தேர்வு மண்டபமன்று; சதுரங்கப் பலகையே.

சதுரங்கத்திற்குப் பேர்பெற்றது சென்னை. 1972-இல் மானுவேல் ஆரன் அவர்கள் இங்குள்ள சோவியத் பண்பாட்டு நிலையத்தில் நிறுவிய தால் கழகத்திலேயே விசுவநாதன் ஆனந்த் இளமையில் ஆடிப் பயின்றார். இந்நகரின் மயிலாப்பூரில் தங்கிப் பயிலும் எமக்கும் நண்பர்க்கும் சென்ற விடுமுறையில் ஓர் ஐயம் எழுந்தது: சதுரங்கம் ஆடும் கணினி நிரல்கள் இரண்டனுள் வலியது எது என்பதை எங்ஙனம் நடுநிலையோடு துணிவது?

இத்தகைய நிரல்களுக்குத் ‘தொடக்க ஏடு’ ஒன்றைத் துணையாக அளிப்பதுண்டு. வல்லுநர் ஆடித் தேர்ந்த முதல் நகர்வுகள் அதன்கண் அடங்கும். அதனைக் கொண்டு வென்றால், வென்றது நிரலின் அறிவோ, ஏடு தொகுத்தோர் உழைப்போ என்பது விளங்காது. ஆதலின் ஏட்டை நீக்கினோம். நகர்வுதோறும் கணிப்பின் அளவையும் ஒன்றாக வரையறுத்தோம். விளைந்தது யாது? முதலாட்டத்தின் மறுபடியே இரண்டாவதும் மூன்றாவதும் ஆயின. ஒரே ஆட்டத்தை நூறு முறை ஆடினும் சான்று ஒன்றேயன்றோ?

மற்றுமோர் இடர்ப்பாடும் உண்டு. 2017 டிசம்பரில் ஆல்பாசீரோ என்னும் நிரல் ஸ்டாக்ஃபிஷ் என்பதனோடு 100 ஆட்டம் ஆடி 28-இல் வென்றது; எஞ்சிய 72-உம் சமனாயின. ஸ்டாக்ஃபிஷுக்குத் தொடக்க ஏடு அளிக்கப்படவில்லையென அறிஞர் பலர் குறை கூறினர். ஆல்பாசீரோவோ தன்னோடு தானே எண்ணிறந்த ஆட்டங்கள் ஆடித் தொடக்கங்களைத் தன்னுள்ளேயே பதித்திருந்தது. கையிலுள்ள ஏட்டைப் பறிக்கலாம். நெஞ்சிலுள்ளதை எவ்வாறு பறிப்பது? 2018-இல் வெளிவந்த விரிந்த ஆய்வில், குறித்த தொடக்க நிலைகளினின்று ஆடியும், ஏடு பெற்ற ஸ்டாக்ஃபிஷோடு ஆடியும் ஆல்பாசீரோவே வென்றது. முடிவு மாறிற்றிலது, அம்முடிவை நம்புதற்குரிய காரணமே வலுப்பெற்றது.

நடுநிலையான வழி ஒன்று உளது. பல்வேறு தொடக்க நிலைகளை நடுவரே தேர்ந்து தருக. ஒவ்வொரு நிலையிலும் இரு நிரல்களும் ஒருமுறை வெள்ளையும் ஒருமுறை கறுப்புமாக இடம் மாறி ஆடுக. நிலை ஒருபுறம் சாய்ந்ததாயினும் அச்சாய்வு இருவர்க்கும் ஒக்கும். டி.சி.இ.சி. என்னும் கணினிச் சதுரங்கப் பந்தயம் இம்முறையையே மேற்கொண்டுள்ளது.

நண்பர்காள், தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய எம் நிலையும் இதுவே. குறிப்பேட்டை உருப்போட்டு ஒப்பிப்பதனை ஒழிக்கப் படியாத செய்யுளைத் தந்து உரை கேட்பர். நன்று. ஆயினும் செய்யுள் முழங்கும் இல்லத்தில் வளர்ந்த மாணவனுக்கு ஏடு நெஞ்சிலேயே உளது. தன் குடியில் முதன்முதற் கல்லூரி மிதித்தவனுக்கோ அஃதில்லை. எனவே ஒரு செய்யுள் போதாது. வயல்வெளி பாடும் மருதப் பாட்டொன்று தரின், கடற்கரை பாடும் நெய்தற் பாட்டொன்றும் தருக. உழவர் மகனும் பரதவர் மகனும் ஒருமுறை தம் நிலத்திலும் ஒருமுறை அயல் நிலத்திலும் நின்று விடை பகரட்டும்.

ஏட்டை நீக்குதல் மட்டும் நடுநிலையாகாது. இடம் மாற்றி நிறுத்தி அளப்பதே நடுநிலையாம்.