மணலி வெயிலில் ஹெலிகேம்

மணலியின் ஆகாயம் ஓர் ஒளிப்பதிவாளனுக்கு எளிதில் வசப்படுவதன்று. கிழக்கே எண்ணூர்க் கடலிலிருந்து வரும் உப்பு ஈரமும், 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் அதைச் சூழ்ந்த ரசாயனத் தொழிற்சாலைகளையும் சுற்றி எப்போதும் நிற்கும் மங்கலும், வடக்கே கொசஸ்தலையாற்று நீர்ப்பரப்பின் பளபளப்பும் ஒன்றோடொன்று கலந்து, நண்பகலில் கண்ணைக் கூசவைக்கும் ஒரு வெண்பிரகாசத்தை அவ்வூரின்மேல் விரித்துவிடுகின்றன. இந்தப் பிரகாசத்தில், கல்யாண வீட்டாருக்காகவும், மணலி புதுநகர் அய்யா வைகுண்ட தர்மபதியின் புரட்டாசித் தேரோட்டத்துக்காகவும் ஹெலிகேம் பறக்கவிடும் இளைஞர்கள் இன்று பலர். அவர்கள் எடுத்துத் தரும் காட்சிகளில் சில, நிறுத்திப் பார்க்கையில் ஒவ்வொரு பிரேமும் அற்புதமாக இருந்தும், ஓடவிட்டுப் பார்க்கையில் வெட்டி வெட்டி நகர்வதற்குக் காரணம், கருவியைத் தானியங்கி முறையில் விட்டுவிட்டால் அது வெயிலைக் கண்டு ஷட்டர் வேகத்தை வரம்பின்றி உயர்த்திவிடுவதுதான்.

படச்சுருள் காலத்துக் காமிராவில் ஷட்டர் என்பது சுழலும் ஒரு வட்டத் தகடு. அதில் பாதி திறப்பு, பாதி அடைப்பு. விநாடிக்கு 24 பிரேம் ஓடும்போது ஒவ்வொரு பிரேமும் 1/48 விநாடி ஒளியை வாங்கும். அந்த அற்ப காலத்துக்குள் நகர்ந்த பொருள் நகர்ந்த அளவுக்குச் சற்றே கலங்கிப் பதியும். கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் உருவான படங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய நம் கண், சலனமென்று அங்கீகரிப்பது அந்தக் கலக்கத்தையே. ஆகவே 25 பிரேமில் எடுப்பவர் ஷட்டரை 1/50இலும், 30 பிரேமில் எடுப்பவர் 1/60இலும் நிறுத்த வேண்டுமென்பது இத்தொழிலின் பழைய விதி. காமிரா ஆகாயத்தில் ஏறிவிட்டதனால் அவ்விதி மாறிவிடவில்லை.

ஆனால் சிறிய ட்ரோன்கள் பலவற்றின் லென்ஸ் துவாரம் மாற்ற முடியாதபடி நிலைத்தது. துவாரம் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்துக்கொண்டால், மேகமற்ற வெயிலில் சரியான ஒளிக்கு ஷட்டர் 1/3200 அளவுக்குப் போக வேண்டியிருக்கும். அதை 1/50க்கு இறக்க வேண்டுமானால், 64 பங்கு ஒளியில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் என்டி 64 ஃபில்டரை மாட்டுவதைத் தவிர வேறு உபாயமில்லை. மங்கல் சூரியனைச் சிறிது மறைத்து, கருவி 1/1600 காட்டினால் என்டி 32; காலையிலும் மாலையிலும் 1/400 காட்டினால் என்டி 8. இந்த வகுத்தல் கணக்கைத் தரையில் நின்றபடியே, ஃபில்டர் இல்லாமல் வானத்தையும் நிலத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்துகொள்வது, கடைக்காரர் பெட்டியில் அச்சிட்டுத் தரும் அட்டவணையை நம்புவதைவிட மேல் என்பது என் அபிப்பிராயம்; ஏனென்றால் அந்த அட்டவணைக்கு மணலியின் மங்கல் தெரியாது.

மணலிக்கென்று பிரத்யேகமான ஒரு சிக்கலும் உண்டு. இங்கே கண்ணில் படுவதெல்லாம் நெடுக்குக் கோடுகள்: புகைபோக்கிகள், மின்கோபுரங்கள், வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் விளிம்புகள். காமிரா பக்கவாட்டில் திரும்பும்போது முதலில் துடிப்பவை இவைதாம். ஃபில்டர் மாட்டி ஷட்டரை இறக்கிவிட்டாலும், அவசரமாகத் திருப்பினால் புகைபோக்கி தாவித் தாவித்தான் செல்லும்; திரையின் ஒரு விளிம்பில் தோன்றியது மறு விளிம்பை அடைய ஏழு விநாடியாவது ஆகும்படி திருப்புகிறவருக்கே ஓட்டம் வாய்க்கும். உயரத்தில் நின்று தொலைவைக் காட்டும் காட்சியில் பொருள்கள் பிரேமுக்குள் நகர்வதே சொற்பமாதலால், அங்கே ஃபில்டர் இருப்பதும் இல்லாததும் ஏறக்குறைய ஒன்றே என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேருக்குப் பக்கத்தில், ஜனங்களிடமிருந்து தக்க தூரம் விட்டுத் தாழப் பறக்கும்போதுதான் அதன் மகிமை தெரியும்.

ஃபில்டரை, கருவியை உயிர்ப்பிக்குமுன் மாட்டிவிடுவது நல்லது. காமிராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் விழித்தெழும்போது தன் பாரத்தைத் தானே சமன் செய்துகொள்ளும், அதன்பின் கூடும் எடை அந்தச் சிறு மோட்டார்களுக்கு இம்சை. வெள்ளைச் சமநிலையையும் ஓர் எண்ணில் பூட்டிவிட வேண்டும். இல்லையேல் ஆற்றிலிருந்து ஆலைப் பக்கம் திரும்பும் ஒரே காட்சியில் நிறம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு வழுக்கிவிடும்.

நீரின் பளபளப்பை நீக்கப் போலரைசர் ஃபில்டரைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். சதுப்பையும் அலையாத்திச் செடிகளையும் காட்டுவதற்கு அது உகந்ததே. ஆனால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிற்றே, அத்தகைய காலத்தில் நீரின்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் வர்ணஜாலம் பிரதிபலித்த ஒளியினால் மட்டுமே தெரிவது. அந்த ஒளியையே வடிகட்டிவிடும் போலரைசர், மீனவர் நேரில் கண்ட நாசத்தைப் படத்திலிருந்து பெருமளவு அழித்துவிடக்கூடும். சாட்சியாக நிற்க வேண்டிய படத்துக்கு என்டி போதும். நீரின் மினுக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கே பறக்கலாம் என்பதை 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாக வகுத்திருக்கின்றன. ஆலைகளும் துறைமுகமும் நெருங்கிய இப்பகுதியில், அம்மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாராமல் கருவியை எழுப்புவது தகாது.

பதின்மூன்றாம் பாகையருகே உள்ள நமக்கு அந்திப்பொழுது குறுகியது. மாலை ஐந்தரைக்குப் பொருந்திய என்டி 16 ஆறேகாலுக்குப் பாரமாகிவிடும்; இறக்கிக் கழற்றிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். இருட்டியபின் தேர் வீதியின் சீரியல் விளக்குகளையும் டியூப் லைட்டுகளையும் எடுக்கும்போது 25 பிரேமும் 1/50 ஷட்டரும் இன்னொரு உபகாரம் செய்கின்றன: நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையதாகையால் விளக்குகள் நூறு முறை மினுங்கும்; 1/50 விநாடிக்குள் சரியாக இரண்டு மினுக்கம் அடங்கிவிட, ஒளி நிலையாகப் பதிகிறது. 30 பிரேமில் 1/60 வைப்பவரின் படத்தில் அதே விளக்குகள் பட்டை பட்டையாக ஓடும். ஐஎஸ்ஓவை 800க்கு மேல் ஏற்றாமல், அதற்குமேல் இருட்டுகிற இடத்தை இருட்டாகவே விட்டுவிடுவது சிலாக்கியம்.