மறுநாளே போகணும்!

தொப்பூர் கணவாயில் முக்கி முனகி ஏறும் லாரிச் சத்தம்தான் எங்க பக்கத்துப் பாட்டுன்னு நினைச்சிடாதீங்க. பண்டிகை வந்தா பெண்கள் வட்டம் கட்டி கும்மியடிப்பாங்க. பாட்டுக்குப் புத்தகம் கிடையாது. பாட்டெடுத்துக் கொடுக்கிற பாட்டியோட நெஞ்சுதான் புத்தகம்!

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1899 டிசம்பர் 26. ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஹெடிங்டன். கடுங்குளிர்ல வேலையில்லாத தொழிலாளிகள், காலில் மணி கட்டி, கைக்குட்டை வீசி 'மாரிஸ்' ஆட்டம் ஆடுறாங்க. எல்லாம் நாலு காசுக்குத்தான். அதைப் பார்த்தவர் செசில் ஷார்ப், இசை ஆசிரியர். நாமளா இருந்தா கைதட்டிட்டு காபி குடிக்கப் போயிருப்போம். அவரோ, கான்சர்டினா வாசிச்ச வில்லியம் கிம்பர் என்ற கொத்தனாரை மறுநாளே வரவழைச்சு மெட்டுகளை எழுதிக்கிட்டார். 1911-ல் கிராமிய நடனத்துக்குன்னு சங்கமே பிறந்தது.

நம்மகிட்டயும் ஆள் உண்டு. ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுத்தந்த கோவை பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க.

எங்க அத்தைக்கு எண்பது வயசு. நாற்பது பாட்டு தெரியும். "எழுதிக்கட்டுமா?"ன்னேன். "எழுதினா எழுத்துதான் வரும் கண்ணு. கூட ஆடினாத்தான் பாட்டு வரும்"னாங்க.

உங்க வீட்லயும் ஓர் அத்தை இருப்பாங்க. நோட்டோட போங்க. செருப்பைக் கழற்றிட்டு வட்டத்துலயும் நில்லுங்க!