தூக்க முடியுமா?

பைக் வாங்கப்போகிறேன் என்றதும் யாரும் மைலேஜ் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "விழுந்தா உன்னால தூக்க முடியுமா?" மேல்வீட்டு மாமா அறிவுரையும் சேர்த்துக்கொண்டார். "பாப்பா, உனக்கு ஸ்கூட்டி போதாதா?"

நான் வாங்கியது கேடிஎம் 390 டியூக், 2013 மாடல், செகண்ட் ஹேண்ட். 'நேக்கட் பைக்' என்பார்கள். எஞ்சினை மறைக்கும் உறை கிடையாது. எஃகுக் குழாய்களைக் கோத்துச் செய்த சட்டம் வெளியே தெரியும். பெயரைக் கேட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒற்றை சிலிண்டர், 373.2 சிசி. சிலிண்டரின் விட்டம் 89 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 60 மட்டுமே. தூரம் குறைவு என்பதால் எஞ்சினால் வேகமாகச் சுற்ற முடிகிறது. முழுத் திறன் 43 குதிரைச் சக்திக்கு மேல். அது 9,000 சுற்றை ஒட்டித்தான் வரும். குறைந்த சுற்றில் வண்டி திணறும். அப்போது கியரைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். வேகத்தில் இடப்பக்கம் திரும்ப, இடக் கைப்பிடியை லேசாக முன்னால் அழுத்தினால் போதும். வண்டி தானே இடப்பக்கம் சாயும். முன்னால் கண்ணாடித் தடுப்பு இல்லாததால் காற்று நேராக நெஞ்சில் மோதும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. இவை எதற்கும் புஜபலம் தேவைப்படவில்லை.

ஆனாலும் முதல் வாரமே விழுந்தேன். சீட்டின் உயரம் 800 மில்லிமீட்டர். கேட் அருகே நிறுத்தும்போது ஊன்றிய கால் மணலில் வழுக்கியது. வண்டி வலப்பக்கம் சரிந்தது.

"நான்தான் சொன்னேன்ல?" மாமா இறங்கி வந்தார். அவர் மகன் போன மாதம் இதே இடத்தில் விழுந்தபோது "அடிபட்டுச்சாப்பா?" என்று பதறியவர்தான். ஹேண்டிலைப் பிடித்து இரு கைகளாலும் இழுத்தார். ஏறக்குறைய 150 கிலோ, அசையவில்லை.

எஞ்சினை அணைத்தேன். எழும்போது மறுபக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டேன். உருளாமலிருக்க கியரில் போட்டேன். ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தினேன். ஒரு கை ஹேண்டிலில், மறு கை பின்பக்கப் பிடியில். முதுகை நேராக வைத்து, கால்களால் உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தேன். வண்டி எழுந்து நின்றது.

வாசலில் நின்ற அம்மா சொன்னார்: "நம்ம சிலிண்டர் மாதிரிதான். கையால தூக்குனா இடுப்பு போயிரும்."

நிறைந்த கேஸ் சிலிண்டர் 30 கிலோ இருக்கும். அதைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டியே சமையலறை வரை கொண்டுபோவார் அம்மா. உன்னால் முடியுமா என்று அவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.